இருபத்திரண்டு விநாடி மூச்சு

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். ராத்திரி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் பேய் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். பட்டப்பகலில் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஆள் இல்லாத தெரு. கடைகளெல்லாம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குகிற நேரம். நிழலில் படுத்த நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. சட்... சட்... சட்...

என்னோடு படித்த நண்பன் ஒருவனின் அக்கா அவள். நண்பன் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்கிறவன். அவன் அக்கா என்று கூப்பிட்டதால் நாங்களும் அக்கா என்றே கூப்பிட்டோம். இந்தக் கதையை அவன் இரண்டே முறைதான் சொல்லியிருக்கிறான். இரண்டாவது முறை சொன்னபோது ஒரு சொல்கூட மாறவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

அக்கா வேலை செய்தது ஒரு ஸ்டூடியோவில். பழைய கட்டிடம், மூன்றாவது மாடி. படியேறித்தான் போக வேண்டும். லிஃப்ட் இருந்தது. இப்போது இல்லை. ஒவ்வொரு மாடியிலும் அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பழைய அழுக்குச் சுவரின் நடுவே, கதவு அளவுக்குப் புதுப் பூச்சு மட்டும் பளிச்சென்று தெரியும். அக்கா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஏறுவாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவள் வேலை, செத்துப்போனவர்களை மூச்சுவிட வைப்பது.

பயப்படாதீர்கள். போட்டோவில்தான். ஒருவரின் அப்பா இறந்துவிட்டார், ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது என்று வையுங்கள். அதை அக்காவிடம் கொடுத்தால், ஒரு வாரத்தில் அந்த அப்பாவின் மார்பு மெல்ல ஏறி இறங்கும். தோளில் கிடக்கும் துண்டு லேசாக அசையும். நினைவுக் கூட்டத்தில் திரையில் போடுவார்கள். பார்த்தவர்கள் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வருவார்கள்.

எப்படிச் செய்வது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது. படத்துக்கு அடியில் இன்னொரு படத்தை ஒளித்துவைக்க வேண்டும். வெறும் கறுப்பு வெள்ளை. அதற்கு மேப் என்று பேர். டிஸ்பிளேஸ்மென்ட் மேப். மேப்பில் எங்கே வெளுப்போ, அங்கே மேலே இருக்கிற படம் உள்பக்கமாகத் தள்ளப்படும். எங்கே கறுப்போ, அங்கே எதிர்ப்பக்கம் இழுபடும். நடுச் சாம்பல் என்றால் அசையாது. மேப்புக்குப் பக்கத்தில் ஒரு கண் மாதிரி சின்னப் பொத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை மூடிவிட வேண்டும். மூடினால் மேப் தெரியாது. ஆனால் தள்ளுவதை நிறுத்தாது. அது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருந்துகொண்டே இருக்கும். அது தள்ளுவது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது தொழில். பேய் இன்னும் வரவில்லை.

மற்றவர்கள் செய்தால் முகம் ரப்பர் பொம்மை மாதிரி இழுபடும். அக்கா செய்தால் இழுபடாது. மேப்பை நன்றாக மங்கலாக்கு, அளவைக் குறை, குறைத்ததிலும் பாதியைக் குறை என்பாள். "அசையுதான்னு சந்தேகம் வரணும்டா. அசையுதுன்னு தெரிஞ்சா போச்சு" என்று தம்பியிடம் சொல்வாள். இன்னொரு ரகசியமும் அவளிடம் இருந்தது. மற்றவர்கள் மூச்சைக் கணக்குப் போட்டு வரைந்தார்கள். அவளிடம் உண்மையான மூச்சே இருந்தது.

அது அவள் புருஷனுடையது.

கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பனியனோடு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, மார்பை மட்டும் இருபத்திரண்டு விநாடி படம் பிடித்திருக்கிறாள். முகம் இல்லை. பிறகு நிறத்தை எடுத்து, மங்கலாக்கி, சாம்பல் மேகம் மாதிரி ஆக்கிவிட்டாள். எந்த வீட்டுப் போட்டோ வந்தாலும் அடியில் அதைத்தான் வைப்பாள். அவருக்குத் தெரிந்தபோது கையைத் தட்டிச் சிரித்தாராம்.

"என் மூச்சை ஊருக்கே வாடகைக்கு விட்டுட்டியா?"

"வாடகை வந்தா சொல்றேன், தூங்குங்க."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நண்பனுக்கு அத்தான். வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது, வேலை பழகும்போது கம்பிவடத்தில் சிக்கிப் போய்விட்டது. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் படியில்தான் ஏறுவார். கேட்டால், "அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான தெரியும்" என்பார். வீட்டுக்கு வந்தால் மணி அடிக்க மாட்டார். தட்டுவார். டக் டக் டக்... கொஞ்சம் நிறுத்தி, டக். சாவி கையிலேயே இருக்கும். இருந்தாலும் அக்காதான் வந்து திறக்க வேண்டும்.

ஒருநாள் அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். மதியம் ஒரு வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். புருஷனுக்குப் போன் போட்டு, கண்ணாடி இல்லாம கண்ணு தெரியல, சீக்கிரம் கொண்டு வாங்க என்று எரிச்சலாகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி மேசை டிராயரில் போட்டாள். வாடிக்கையாளர் இருந்தால் அப்படித்தான், ஸ்டூடியோ வழக்கம்.

சீக்கிரம் என்றாள் அல்லவா. அதனால் அவர் லிஃப்டில் ஏறினார்.

இரண்டு இருபதுக்கு மின்சாரம் போனது. ஸ்டூடியோவுக்கு மட்டும் தனி பேட்டரி, அதனால் உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டி, மூன்றாவதுக்கு வந்தும் வராமல் நின்றது. உள்ளே அபாய மணிக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. புழுக்கம். அவருக்கு ஏற்கனவே கொஞ்சம் நெஞ்சு சரியில்லை. போன் பண்ணினார். டிராயருக்குள் பதினோரு முறை வெளிச்சம் வந்து வந்து போயிருக்கிறது.

லிஃப்ட் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் அக்காவின் அறை. ஒரே சுவர். ஆனால் அறையின் நாலு பக்கமும் சத்தம் வராமல் இருக்க இரண்டு அங்குல ஃபோம் ஒட்டியிருந்தது. மின்சாரம் வந்து லிஃப்டைத் திறந்தபோது மூன்று மணி. அவருக்கு உயிர் இல்லை. கையில் கண்ணாடிக் கூடு. அதன் ஒரு மூலை நசுங்கி, தகரம் வெளியே தெரிந்தது. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார்.

நாற்பது நிமிடம்... அவளுக்கு இடப்பக்கம்... ஒரு சுவர் தள்ளி.

வேறு யாராக இருந்தாலும் அந்த வேலையை விட்டிருப்பார்கள். அக்கா விடவில்லை. தம்பி வீட்டுக்குக் குடி வந்தாள். தினமும் அதே அறைக்குப் போனாள். ஒரே மாற்றம்தான். போனை முழுச் சத்தத்தில், திரை மேலே தெரிகிற மாதிரி, மேசைமேல் வைத்தாள். யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். வருகிற போட்டோக்களுக்கெல்லாம் அதே மூச்சைத்தான் வைத்தாள். ஆனால் அந்த மேப்பின் கண்ணை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. புருஷன் அசைகிற மாதிரி அவளிடம் இருந்த ஒரே படம் அது. அதைப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

பதினோரு மாதம் இப்படியே போனது. இப்போது அந்த வெயில் தெருவுக்கு வருவோம்.

அக்கா படியேறி அறைக்குள் வந்தாள். ஒரு டீச்சரம்மா காத்திருந்தார். அவருடைய அப்பாவின் போட்டோ. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இடப்பக்க ஓரத்தில் ஜன்னல், நேர்நேராகக் கம்பிகள். அக்கா ஓட்டிக் காட்டினாள். பெரியவர் மூச்சுவிட்டார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்பா நல்லா இருக்காரும்மா. அந்த ஜன்னல் கம்பி ஏன் வளையுது?"

அக்கா பார்த்தாள். இடது ஓரத்துக் கம்பி, உள்ளங்கை அகலத்துக்கு, உள்ளே பிதுங்கியது. பின்னாலிருந்து யாரோ துணியைத் தள்ளுகிற மாதிரி. நேரானது. மறுபடி பிதுங்கியது. மறுபடி. கொஞ்சம் நின்றது... பிறகு ஒருமுறை.

மேப் படத்தைவிடச் சின்னதாக இருந்தால் ஓரத்தில் இப்படிக் கிழியும், சரிபண்ணிவிடலாம் என்று அக்கா சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். டீச்சரை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி இரண்டு முப்பது. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். மேப்பின் கண்ணைத் திறந்தாள்.

சாம்பல் மேகம் ஏறி இறங்கியது. அவர் மார்பு. அது ஓரத்தைத் தொடவே தொடாது, அவளே மங்கலாக்கியது. ஆனால் இடது ஓரத்தில், ஒட்டினாற்போல், இரண்டு வெளுத்த திட்டுகள். உற்றுப் பார்த்தாள். உள்ளங்கைகள். ஒன்றில் நாலு விரலும் முழுசாக இருந்தன. மற்றதில் ஆள்காட்டி விரல் குட்டை.

அறையில் ஃபோம் பசை வாசனையும் ஏ.சி. ஈர வாசனையும்தான் எப்போதும் இருக்கும். அன்று நடுவில் லேசாகக் கிரீஸ் வாசனை வந்தது.

அவள் கத்தவில்லை. சாம்பல் வண்ணத்தை எடுத்துத் திட்டுகளின் மேல் பூசினாள். ஓட்டினாள். மறுபடி இருந்தன. கணினியை அணைத்துப் போட்டாள். இருந்தன. ஓனரைக் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது, எதுவும் இல்லை. "திருட்டு சாஃப்ட்வேர் போட்டா பேய் வராம சாமியா வரும்? பேசாம வேற மேப் போடும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதுதான் விஷயம். வேறு மேப் போடலாம். இதை அழித்துவிடலாம். ஒரே ஒரு பொத்தான். அழித்தால் அந்த இருபத்திரண்டு விநாடியும் போய்விடும்.

அடுத்த நாளிலிருந்து அக்கா நேரம் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் போட்டால் வெறும் மூச்சு. சாயங்காலம் போட்டால் வெறும் மூச்சு. மதியம் இரண்டு இருபதுக்குப் போட்டால் கைகள் வந்தன. இருபத்திரண்டு விநாடியில் முடிய வேண்டிய படம் முடியாமல் ஓடியது. மூச்சு நேரமாக ஆக வேகமானது. கைகள் இடது ஓரம் நெடுக மேலே போயின, கீழே போயின, மூலையைத் தடவின. கதவு எங்கே என்று தேடுகிற கை எப்படித் தேடும், அப்படி. மூன்று மணிக்கு எல்லாம் நின்றுவிடும். மூச்சும். வெறும் சாம்பல்... மறுநாள் இரண்டு இருபதுக்கு மறுபடி முதலிலிருந்து.

ஆறு நாள் பார்த்தாள். ஆறு முறை அவர் சாவதைப் பார்த்தாள். பாத்ரூம்கூடப் போகாமல் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து போனால் அன்றைக்கும் விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும் அல்லவா.

ஆறாம் நாள் ராத்திரி தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்குப் போகாதே என்று கெஞ்சினான். அவன் மனைவியும் சொன்னாள். அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்கு நான் தெறக்கலடா. அதை மட்டும் பண்ணிட்டு வந்துர்றேன்."

"எதைக்கா தெறப்ப? அது வெறும் படம்."

"தெரியும். படத்துல எப்படித் தெறக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் இரண்டு மணிக்கே போய்விட்டாள். அவள் தொழிலில் ஓரம் கிழிந்தால் என்ன செய்வார்களோ, அதைத்தான் செய்தாள். மேப்பின் இடப்பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். படம் முடிகிற இடத்தைத் தாண்டி, வெளியே, நீளமாக. அந்த நீட்டின இடத்தில் கறுப்பு வண்ணத்தால் ஒரு வாசல் வரைந்தாள். ஆள் உயரம், ஆள் அகலம். வெளுப்பு உள்ளே தள்ளும், கறுப்பு வெளியே இழுக்கும் என்றேனே. வாசலின் விளிம்பை நன்றாக மங்கலாக்கினாள். தோள் இடிக்காமல் இருக்க.

இரண்டு இருபது. கைகள் வந்தன. தட்டின. மேலே போயின, கீழே போயின. மூச்சு வேகமானது. அக்கா திரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு கை கறுப்பின் விளிம்பைத் தொட்டது. குட்டை விரல் கை. நின்றது. பிறகு உள்ளே போனது. பின்னாலேயே மற்றது. பின்னாலேயே அந்தச் சாம்பல் மேகம், மூச்சோடு, மொத்தமாக நகர்ந்து, வாசல் வழியாக, படத்தை விட்டு... போய்விட்டது. டீச்சருடைய அப்பாவின் ஜன்னல் கம்பிகள் திரைச்சீலை மாதிரி மெதுவாக விலகி, மறுபடி நேராயின. பெரியவர் மறுபடி அசையாத போட்டோவாகிவிட்டார். மேப்பில் ஒன்றுமில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரைக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது? அவள் அறையின் சுவர் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தாள். தோள் உயரத்தில், ஃபோம், உள்ளங்கை அகலத்துக்கு மெல்லப் பிதுங்கி... அமுங்கியது.

அன்று சாயங்காலம் தம்பி அவளை அழைத்துப்போக வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அடைத்த லிஃப்ட் வாசலை முதல்முறையாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "வந்துட்டார்டா" என்றாள். எங்கே என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

அந்த வாரம் தம்பி மகளுக்குப் பிறந்தநாள். வீட்டில் போட்டோ எடுத்தார்கள். அக்காவுக்கு இடப்பக்கம் கதவு நிலை. தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள். நிலை நேராக இல்லை. அக்காவின் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வளைந்திருந்தது. எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது. கேமராவில் ஏதோ கோளாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த மாதம் எடுத்த படத்தில் வலப்பக்கம் இருந்த அலமாரியும் வளைந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் அவள் தலைக்கு மேலே டியூப்லைட். மூன்று பக்கமும். ஒரு லிஃப்டின் அகலம், ஒரு லிஃப்டின் உயரம். நாம் பார்க்கிற முன்பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது. அக்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன்னை யாரும் படம் எடுக்க விடவில்லை.

கடைசியாக நடந்தது இதுதான்.

தம்பி ஒரு படப்பிடிப்பில் இருந்தான். ஒலிப்பதிவு செய்கிறவன் தன் போனைச் சத்தமில்லாமல்தான் வைக்க வேண்டும், அவன் தொழிலில் அது கட்டாயம். வேலை முடிந்து எடுத்துப் பார்த்தான். அக்கா கூப்பிட்டிருந்தாள். பதினோரு முறை. முதல் அழைப்பு இரண்டு இருபதுக்கு.

உடனே கூப்பிட்டான். மணி மூன்று ஐந்து. முதல் மணியிலேயே எடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்றாள்.

அவன் காது தொழிற்காது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அமைதி உண்டு, தெருவின் அமைதி வேறு, வீட்டின் அமைதி வேறு என்பான். அவள் குரலுக்குப் பின்னால் ஹாரன் இல்லை. காற்று இல்லை. பேச்சுக்கு எதிரொலிகூட இல்லை. ஃபோம் ஒட்டிய அறை அப்படித்தான் இருக்கும்.

"அக்கா... நெஜமா எங்க இருக்க?"

முதலில் கேட்டது மூச்சு மட்டும். பிறகு, கோபமே இல்லாமல், சின்ன வயதில் அவனைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இவ்வளவு நேரம் தட்டினேனேடா. உனக்குக் கேக்கவே இல்லையா?"